கண்ணாடியைக் கழற்றிப் பார்க்கிற வீரமலை

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டுத்தான் வீரமலை அடுத்தவர் வீட்டுப் படங்களைப் பார்ப்பார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு முகம் தெரியாது. யாரோ நிற்பது தெரியும், சேலையின் நிறம் தெரியும், அவ்வளவுதான். செத்துப் பிழைத்த போனிலிருந்து எடுத்த படங்கள் முழுசாக வந்திருக்கின்றனவா, பாதியில் நிறம் கெட்டுச் சாம்பல் பூத்திருக்கின்றனவா என்று சோதிக்க அது போதும். கடைசிப் பத்துப் படம் பார்ப்பார். நிறம் சரியாக இருந்தால் பென் டிரைவில் ஏற்றிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொள்வார். "ஆபரேஷன் பண்ற டாக்டர், வயித்தைத்தான் பாக்கணும். ஆளு என்ன சாப்ட்டான்னு பாக்கக் கூடாது" என்பது அவர் வாதம்.

பெயரில்தான் வீரமும் மலையும். ஆள் ஐம்பது கிலோவைத் தாண்டமாட்டார். மணப்பாறைப் பக்கத்திலிருந்து வந்து, ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையில் ஆறடிக்கு எட்டடி இடத்தில் பதினேழு வருடமாக மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். உடைந்த திரை, உப்பிய பேட்டரி எல்லாம் சில்லறை வேலை. அவருடைய தனி வித்தை, தண்ணீரில் விழுந்த போனை எழுப்புவது. காவிரி இருநூறு அடி தூரத்தில் ஓடும்போது அதற்குப் பஞ்சமா என்ன? ஊருக்கெல்லாம் ஐப்பசியில் தீபாவளி என்றால் வீரமலைக்கு ஆடிப் பதினெட்டு. படித்துறையில் பூவும் காதோலை கருகமணியும் விடுகிற கையோடு ஜனங்கள் போனையும் விட்டுவிடுகிறார்கள். "காவேரி பாவங்க, அவ கேக்கல. இவங்கதான் குனிஞ்சு குனிஞ்சு செல்ஃபி எடுத்துக் குடுக்குறாங்க" என்பார்.

முக்கால்வாசிப் பேர் போனை அரிசியில் புதைத்துக் கொண்டுவருவார்கள். ஈரத்தை உறிஞ்சுமாம். வீரமலை தூக்குவாளியைத் திறந்து பார்த்து, "பொன்னியா, இட்லி அரிசியா?" என்று முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு கேட்பார். வந்தவர் பொறுப்பாகப் பதில் சொல்வார். "அப்ப சோறு வடிக்கலாம். போன் வேலைக்கு ஆவாது" என்று அரிசியைத் தனியாகக் கவரில் கட்டிப் பெயர் எழுதித் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அவர் மனைவி பானுமதிக்குத் துப்பறியும் தொடர்கள் என்றால் உயிர். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு சமைப்பார். இப்போதெல்லாம் அந்தக் கதைகளில் போலீஸ்காரன் கண்டுபிடிப்பதில்லை. சென்னையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்திருக்கிற கம்ப்யூட்டர்காரன், யாருடைய ஃபைலிலோ ஒரு கொலையைப் பார்த்துவிடுவான். குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் பாஸ்வேர்டை உடைத்து, கொலைகாரனின் வீட்டு வாசலைத் திரையில் கொண்டுவந்து நிறுத்திவிடுவான். பானுமதி சொல்லக் கேட்கக் கேட்க வீரமலைக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஒரு கெபாசிட்டர மாத்தவே எனக்கு அரை நாள் ஆவுது. இவன் கொலைகாரனையே புடிச்சுட்டானா?" என்பார். பானுமதி விடமாட்டார். தினமும் கடை பூட்டி வந்ததும், "இன்னைக்கு ஏதாச்சும் மாட்டுச்சா?" என்று கேட்பார். பதினேழு வருடமாக ஒரு கொலைகூட அகப்படாத புருஷன் மேல் அவருக்கு லேசான வருத்தம்தான்.

இந்த வருடம் ஆடிப்பெருக்குக்கு மறுநாள் ஒருவர் வந்தார். பெயர் தர்மராஜ். முப்பத்திரண்டு வயது இருக்கும். நெற்றியில் திருநீறு, இஸ்திரி கலையாத சட்டை, வார்த்தைக்கு ஒரு 'சார்'. டிபன் பாக்ஸ் அரிசிக்குள்ளிருந்து போனை எடுத்துத் துடைத்து நீட்டினார்.

"வொய்ஃப் போனு சார். கை தவறிப் படித்துறையில போட்டுட்டா. கவனமே கிடையாது சார் அவளுக்கு. போன் போனாப் போவுது, பாப்பாவோட மொத பர்த்டே போட்டோ எல்லாம் இதுலதான் இருக்கு."

திறக்கிற பேட்டர்னைக் காற்றிலேயே வரைந்து காட்டினார். தன் போனுக்கே சிலர் தடுமாறுவார்கள். இவர் கண்ணை மூடிக்கொண்டு மனைவியின் போனுக்கு வரைந்தார். போகும்போது திரும்பி, "எதையும் விட்றாதீங்க சார். உள்ள என்னென்ன இருக்கோ எல்லாத்தையும் எடுத்துக் குடுங்க. நானே ஒவ்வொண்ணா உக்காந்து பாத்துக்கறேன்" என்றார்.

மறுநாள் மதியம் போன் எழுந்தது. படங்களை எல்லாம் கம்ப்யூட்டருக்கு இழுத்து, தேதிவாரியாகக் கொட்டி, வீரமலை கண்ணாடியைக் கழற்றினார். கடைசிப் பத்தும் ஒரே மாதிரி இருந்தன. இடது பக்கம் கட்டமாக ஏதோ வெள்ளை, வலது பக்கம் மாநிறம். அந்த மாநிறத்தின் நடுவே ஊதா ஏறியிருந்தது. இன்னொன்றில் பச்சை. இன்னொன்றில் மஞ்சள். நிறம் அடிவாங்கியிருக்கிறது, தண்ணீர் மெமரி வரைக்கும் போய்விட்டது என்று நினைத்துத் திரும்ப எடுத்தார். திரும்பவும் அதே ஊதா. ஆனால் அந்த வெள்ளைக் கட்டத்துக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அது தினசரிக் காலண்டர். தாள் கிழிக்கிற காலண்டரின் கொட்டை எண், கண்ணாடி இல்லாதவருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைச் சிவப்புக்கூடச் சுத்தமாக வந்திருந்தது. பாதிப் படம் கெட்டு, பாதி மட்டும் இத்தனை துல்லியமாக இருக்க வழியே இல்லை. தொழில் சந்தேகம்தான், வேறொன்றும் தோன்றவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணின் முழங்கை. அடுத்ததில் கழுத்து. அடுத்ததில் தோள்பட்டை. படத்தில் நிறம் எதுவும் கெடவில்லை.

'ரேஷன் கார்டு' என்று பெயர் வைத்த ஃபோல்டரில், கேலரியில் தெரியாதபடி ஒளித்து வைத்திருக்கிறாள். போனை நோண்டுகிற புருஷன் அதைத் திறந்து பார்க்கமாட்டான் என்று அவள் நம்பிய இடம் அது. வீரமலையின் கம்ப்யூட்டருக்கு ஒளித்தது, ஒளிக்காதது என்ற வித்தியாசமெல்லாம் தெரியாது. பிறந்தநாள் கேக்குக்கு அடுத்தபடியாக அதையும் கொட்டிவிட்டது. அப்படியே பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தால் அந்த ஆள் ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்ப்பான். அழித்துவிட்டுக் கொடுத்தால் அவளிடம் இருக்கிற ஒரே சாட்சியும் போய்விடும். வீரமலைக்கு வீரம் ஒன்றும் வரவில்லை. பயம்தான் வந்தது. கொண்டுபோன எலுமிச்சம்பழச் சோறு அப்படியே திரும்பி வந்தது.

காலையில் இட்லியைப் பிய்த்துக்கொண்டே பானுமதியிடம் கேட்டார். "உன் கதையில, கம்ப்யூட்டர்காரன் கண்டுபுடிச்ச உடனே என்ன பண்ணுவான்?"

"கமிஷனருக்குப் போன் போடுவான். கமிஷனரு அவனுக்கு மாமா."

"மாமா இல்லாதவன்?"

"அவன ரெண்டாம் பாகத்துல முடிச்சுருவாங்க." பானுமதி சட்னிக் கரண்டியோடு நின்றார். "ஏங்க, மாட்டிருச்சா?"

"அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்த கேக்க மாட்டாங்களா?"

"எந்தப் பொண்ணு? அவதான் மொத அத்தியாயத்துலயே பொணமாயிடுவாளே."

வீரமலை கை கழுவிவிட்டு எழுந்தார். அந்தக் கதைகளில் எல்லாம் ஏன் அத்தனை சுலபமாக இருக்கிறது என்று அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டது. செத்தவளிடம் போய் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிற தொல்லை கிடையாது. இவள் உயிரோடு இருக்கிறாள்.

கடைக்குப் போய் முதல் வேலையாகத் தர்மராஜைக் கூப்பிட்டார். "பேட்டர்ன் மட்டும் பத்தல சார். தண்ணில விழுந்த போனு, சிஸ்டம் சந்தேகப்படுது. ஓனரோட கைரேக நேர்ல கேக்குது." பானுமதியின் எந்தத் தொடரிலும் இவ்வளவு மட்டமான கம்ப்யூட்டர் பொய் வந்ததில்லை. ஆனால் தர்மராஜும் அந்த மாதிரிக் கதைகள் பார்க்கிறவர் போலிருக்கிறது. "அப்படியா சார், நாளைக்குக் கூட்டிட்டு வரேன் சார்" என்றார்.

மறுநாள் மூன்று பேரும் வந்தார்கள். அவள் பெயர் வேணி. ஆகஸ்ட் வெயிலில் முழுக்கைச் சுடிதார். இடுப்பில் ஒரு வயதுக் குழந்தை கனிஷ்கா, கவுண்டரில் கிடந்த ஸ்க்ரூடிரைவருக்குக் கை நீட்டியது. வீரமலை வாய் கூசாமல் அடுத்த பொய்யைச் சொன்னார்: ஓனருடைய ஆதார் ஜெராக்ஸ் வேண்டும், இரண்டு பக்கமும். மாம்பழச் சாலை முக்கில் கடை இருக்கிறது. தர்மராஜ் மனைவியைப் பார்த்தார், கடையைப் பார்த்தார். குழந்தையை அவளிடமிருந்து வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனார்.

முந்தின நாள் முழுக்க வீரமலை பேச்சுத் தயார் செய்து வைத்திருந்தார். நல்ல பேச்சு. போலீஸ், சட்டம், அண்ணன் மாதிரி நான் இருக்கிறேன், எல்லாம் அதில் இருந்தது. வாயைத் திறந்ததும் "அந்த ரேஷன் கார்டு..." என்பதோடு நின்றுவிட்டது.

அவள் தெருவைப் பார்த்தாள். "எல்லாமே வந்துருச்சாண்ணே?"

"வந்துருச்சும்மா. ஒண்ணும் போகல."

அவள் விட்ட மூச்சு அவருக்குக் கேட்டது. வீரமலை குரலைத் தாழ்த்தினார். "ஸ்டேஷனுக்குப் போலாம்மா. நான் கூட வரேன்."

"ஒரு தடவ போனேண்ணே. என்னைக்கு அடிச்சான், தேதி சொல்லுன்னாங்க. முழிச்சேன். வீட்டுக்குப் போயி ஞாபகம் வந்தா வான்னுட்டாங்க." அவள் வேகமாக, ஆனால் பதறாமல் பேசினாள். "அதான் தேதியோட எடுத்து வச்சேன். தென்னூர்ல ஆலியா மேடம்னு வக்கீல். கோயிலுக்குன்னு சொல்லிட்டு ரெண்டு வாட்டி போய்ப் பாத்துருக்கேன். அடுத்த வாரம் கேஸ் போடறாங்க. அவங்களே இங்க வருவாங்க, அவங்ககிட்ட குடுங்க. இவருக்குப் பாப்பா படம் மட்டும். மொட்ட அடிச்சது, பர்த்டே, எல்லாம் குடுத்துருங்க."

வீரமலை தலையாட்டினார். தயாரித்த பேச்சில் ஒரு வரிக்கும் தேவை இருக்கவில்லை. சேமித்து வைக்க இடம் கேட்கிறாள், அவ்வளவுதான்.

"உங்க போனக் கொஞ்சம் எடுங்கண்ணே" என்றாள். முழுக்கையை மேலே சுருட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வீங்கிக் கருத்திருந்தது. "போனத் தண்ணில போட்டதுக்கு. இத எடுக்கப் போன் இல்ல பாருங்க."

அதைச் சொல்லும்போது லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தாள். வீரமலையால் முடியவில்லை.

கவுண்டருக்குப் பின்னால் சுவரில் காலண்டர் தொங்கியது. சீசன் நெரிசலில் அவர் கிழிக்க மறந்திருந்தார். அது இன்னும் மூன்றாம் தேதியிலேயே, ஆடிப்பெருக்கிலேயே நின்றது. வேணி உள்ளே வந்து அதைப் பார்த்தாள்.

"அன்னைக்குத்தானம்மா அடிச்சாரு? அப்ப அதே தேதி இருக்கட்டுமே" என்றார் வீரமலை.

"எடுக்கறது இன்னைக்குத்தானண்ணே."

வீங்கிய கையாலேயே ஒவ்வொன்றாக நான்கு தாள் கிழித்தாள். மடித்துக் கவுண்டரில் வைத்தாள். ஏழு வந்ததும் அதன் பக்கத்தில் கையைச் சுவரோடு வைத்துக்கொண்டு, "ம், எடுங்க" என்றாள்.

எடுத்தார். அவள் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"ஆடிருச்சுண்ணே. தேதி தெரியல. இன்னொண்ணு எடுங்க."

அவர் இரண்டு முழங்கையையும் கவுண்டரில் ஊன்றி, மூச்சை அடக்கிக்கொண்டு, மறுபடி எடுத்தார்.