தோலில்லாத பந்து

எங்கள் எஸ்டேட்டில் மழை பெய்யாத நாளில் பனிமூட்டம் இருக்கும். கிரிக்கெட்டுக்கு அதைவிடப் பொருந்தாத இடம் கிடைப்பது அரிது. சமதரை என்று சொல்லக்கூடியவை இரண்டுதான். ஒன்று தேயிலை ஆலைக்கு முன்னால் லோரிகள் திரும்பும் முற்றம். இன்னொன்று கோயிலை ஒட்டிய டேவான். லோரிகள் யாருக்கும் காத்திருப்பதில்லை என்பதால், கிரிக்கெட் ஆடும் என் அக்காவுக்கு டேவான் மட்டுமே மிஞ்சியது.

டேவான், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பொது மண்டபம். கல்யாணம், கருமாதி, கூட்டம் எல்லாம் அங்கேதான். ஆனால் அதன் ஒரு கோடியில், கண்ணாடிக் கதவு போட்ட அறைக்குள், திருவிழாவில் ஊர்வலம் போகும் அம்மன் சிலை இருந்தது. அதனால் தோலில் செய்த எதுவும் வாசற்படி தாண்டக் கூடாது. கோயில் தலைவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பெரிய கங்காணி. இடுப்பு பெல்ட்டைக்கூடக் கழற்றி வெளி ஆணியில் மாட்டச் சொல்வார். வரவேற்பு முடியும்வரை ஒரு மாப்பிள்ளை கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

அக்காவுக்கு அப்போது பதினாறு வயது, எனக்குப் பதினொன்று. மாநிலப் பள்ளிப் பெண்கள் அணித் தேர்வுக்கு அக்காவின் பெயரை ஆசிரியர் அனுப்பியிருந்தார். எங்கள் லயத்திலிருந்து அப்படி ஒரு பெயர் அதுவரை மலையை விட்டு இறங்கியதில்லை. திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றி கோலாலம்பூருக்கு லோரி ஓட்டிய மாமா, பூந்தோட்டத்தில் கழித்துப் போட்ட கறுப்பு வலையைச் சுருட்டி எடுத்து வந்தார். அதை டேவானின் இரும்புத் தூண்களில் கட்டினோம். பெரிய கங்காணி ஒரே ஒரு நிபந்தனையோடு அனுமதி கொடுத்தார். மாட்டுத்தோல் பந்து உள்ளே வரக்கூடாது.

பந்து தேடும் படலம் அப்படித்தான் தொடங்கியது. முதலில் டென்னிஸ் பந்து. சிமெண்டுத் தரையில் அது அக்காவின் தலைக்கு மேல் எழும்பியது. மழைச் சாரலில் நனைந்தால் ஊறிப்போய் எழும்பவே மறுத்தது. அதன் மேல் மின்கம்பிக்காரர்களின் கறுப்பு டேப்பைச் சுற்றினோம். இரண்டு நாள் நன்றாக ஓடியது, பிறகு டேப் வாலாகத் தொங்கியது. அடுத்தது கெட்டி ரப்பர் பந்து. மட்டையில் பட்டதும் எதிர்ச்சுவருக்குப் போய் அங்கிருந்து என் முதுகுக்கு வந்தது. கடைசியில் மாமா கோலாலம்பூரிலிருந்து அட்டைப்பெட்டியில் ஒரு சிவப்புப் பந்து கொண்டுவந்தார். பார்க்கத் தோல் பந்து போலவே இருந்தது, தையல்கூட இருந்தது. பெட்டியின் மேல் மலாயில் 'குலிட் தீருவான்' என்று அச்சிட்டிருந்தார்கள். குலிட் என்றால் தோல், தீருவான் என்றால் போலி. அந்தப் பந்து அளவாக எழும்பியது. விழுந்த பிறகு திசை மாறாமல் வந்தது. ஒரு மாதம் அக்கா அதில் ஆடினாள். நான் பந்து போட்டேன்.

தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கடிதம் வந்தது. தேர்வு தோல் பந்தில் நடக்கும் என்று அதில் இருந்தது. அக்கா அதுவரை தோல் பந்து ஒன்றை எதிர்கொண்டதே இல்லை. வெளியிலோ விடாத மழை. அவள் மாமாவிடம் கிசுகிசுத்ததை நான் கேட்டேன். அடுத்த நடையில் மாமா இன்னொரு சிவப்புப் பந்தைக் கொண்டுவந்தார். பழைய பந்து கட்டிலுக்கு அடியில் போனது. புதியது பழைய பெட்டிக்குள் போனது. பெட்டி போலி என்றது, உள்ளே இருந்ததோ அசல் தோல். நான் யாரிடமும் சொல்லக் கூடாது என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அவள் என்னிடம் எதையும் கேட்டது அதுவே முதல் தடவை என்பதால் எனக்குப் பெருமையாக இருந்தது.

எங்களைக் காட்டிக் கொடுத்தது சத்தம். மூன்றாம் நாள் மாலை பெரிய கங்காணி வாசலில் வந்து நின்றார். திருவிழாவுக்காக விரதத்தில் இருந்தார், கழுத்தில் மாலை கிடந்தது.

"ரெண்டு நாளைக்கு முந்திவரைக்கும் தொப்பு தொப்புன்னு கேட்டுச்சு. இப்ப என்னா டக்கு டக்குங்குது?"

அக்கா பெட்டியை நீட்டினாள். அவர் அதை வாங்காமல் தூரத்தில் நின்றபடியே எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"குலிட்டுன்னு போட்டிருக்கே. குலிட்டுன்னா தோலுதானலா?"

"பக்கத்துல தீருவான்னு இருக்கு பாருங்க தாத்தா."

"எவன் தீருவான்?"

வேறொரு நாளாக இருந்தால் நான் சிரித்திருப்பேன். அந்தச் சொல்லை வைத்து ஒரு மாதமாக நாங்கள் வீட்டில் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். அக்கா அர்த்தம் சொன்னாள். அவர் நம்பவில்லை. தொட்டுப் பார்க்கவும் மாட்டார். தோலாக இருந்துவிட்டால் விரதம் கெட்டுப்போகும். அப்பாவைக் கூட்டிவரச் சொன்னார்.

அப்பா ஆலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர். மழையில் நனைந்தபடி, கையில் கிரீஸோடு வந்தார். வாசல் குழாயில் கையைக் கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு பந்தை வாங்கினார். கட்டைவிரலைத் தையல் மேல் மெதுவாக ஓட்டினார். நகத்தால் ஓரிடத்தில் அழுத்தினார். விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பவர்போல முகத்துக்கு அருகே கொண்டுபோனார். பிறகு அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள்.

"தோல் இல்ல மாமா," என்றார் அப்பா. பெரிய கங்காணி உறவுக்காரர் அல்ல, அப்பா வயதுக்காரர்கள் எல்லாருக்கும் மாமா.

பெரிய கங்காணி ஒரு தட்டில் சூடம் வைத்து ஏற்றி, அம்மன் அறைக்கு முன்னால் வைத்தார். எங்கள் பக்கத்தில் வழக்கு அதோடு முடிந்துவிடும். எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தவனை அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. மீதியை அம்மன் பார்த்துக்கொள்வாள்.

"ரெண்டு புள்ளைங்க மேலயும் சத்தியம்னு சொல்லி அணைச்சிட்டுப் போ. பொறவு நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"புள்ளைங்கள இதுல இழுக்காதீங்க. எம்மேல பண்றேன்."

பெரிய கங்காணி சற்று யோசித்துவிட்டுத் தலையசைத்தார். அப்பா குனிந்து, "இது தோல் பந்து இல்ல. பொய்யின்னா அது என்னோட போவட்டும்" என்று சொல்லிச் சூடத்தை உள்ளங்கையால் அடித்தார். பந்தை அக்காவிடம் கொடுத்தார். "வெளையாடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மழைக்குள் இறங்கி ஆலைக்குப் போனார். அன்று அக்கா அதன் பிறகு ஆடவில்லை. மறுநாளிலிருந்து ஆடினாள். தேர்வுக்குப் போகும்வரை ஒரு மாலையைக்கூட விடவில்லை.

எனக்குத்தான் நிம்மதி போயிற்று. சூடம் அணைத்துப் பொய் சொன்னால் கண் போய்விடும் என்று பள்ளியில் பேசிக்கொள்வோம். அப்பா பாவம், எங்களை நம்பி ஏமாந்து சத்தியம் செய்துவிட்டார் என்று நினைத்தேன். காலையில் அவர் தேநீர் குடிக்கும்போது சுவரில் இருந்த காலண்டரைக் காட்டி, இன்றைக்கு என்ன போட்டிருக்கிறது என்று கேட்பேன். கீழே இருக்கும் மிகச் சிறிய எழுத்தைத்தான் படிக்கச் சொல்வேன். அவர் ராகுகாலம், எமகண்டம் எல்லாவற்றையும் தடங்கலில்லாமல் படித்தார். பத்து நாளுக்குப் பிறகு நானே ஒரு தீர்ப்புக்கு வந்தேன். தெரியாமல் செய்த சத்தியம் பொய்ச்சத்தியம் ஆகாது; அம்மன் நியாயமானவள்.

தேர்வு குவாந்தானில் நடந்தது. ஆசிரியரின் வேனில் போன அக்கா மறுநாள் திரும்பினாள். அணியில் எடுத்துவிட்டார்கள். அம்மா அவளைக் கட்டிப்பிடித்து அழுதார். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"என்னா பந்துல வெளையாட விட்டாங்க?"

அங்கேயும் மழையாம். திடலில் தண்ணீர் நின்றதால் தேர்வை ஒரு மண்டபத்துக்குள் மாற்றிவிட்டார்களாம். பளபளப்பான தரை கெட்டுப்போகும் என்று தோல் பந்தை யாரும் வெளியே எடுக்கவில்லை. "மஞ்சக் கலருப்பா, ரப்பர் மாதிரி. தோல் இல்ல," என்றாள் அக்கா. கடைசி இரண்டு சொல்லும் அவள் வாயிலிருந்து சரியாக வரவில்லை.

அப்பா கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்திருந்தார். பிறகு "ம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். மகள் ஜெயித்து வந்திருக்கிறாள், பந்தைப் பற்றி என்ன விசாரணை என்று எனக்குத் தோன்றியது.

அடுத்த மாதம் திருவிழா. ஆண்டுதோறும் காவடி எடுக்கும் அப்பா அந்த ஆண்டு எடுக்கவில்லை. முட்டி வலி என்றார். அம்மா எண்ணெய் காய்ச்சி எடுத்துவந்து எந்த முட்டி என்று கேட்டபோது, அவர் கொஞ்சம் நிதானித்து வலது காலை நீட்டினார். பூசையன்று அவர் கோயிலுக்குள்ளும் வரவில்லை, டேவானுக்குள்ளும் வரவில்லை. வாசலுக்கு வெளியே, செருப்புகள் குவிந்து கிடந்த இடத்தில் நின்று, யாருடையதும் மாறிப்போகாமல் ஜோடி சேர்த்து வைத்துக்கொண்டிருந்தார். பெரிய கங்காணி கையசைத்துக் கூப்பிட்டதற்கு முட்டியைத் தொட்டுக் காட்டினார். நான் வாழையிலையில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதைச் செருப்புகளுக்கு நடுவில் நின்றபடியே, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நெற்றியில் திருநீறு இல்லை. உள்ளே வராதவருக்குத் திருநீறு ஏது என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு வந்த எந்தத் திருவிழாவிலும் அவர் நின்ற இடம் அதுதான்.

எங்கள் ஆலையின் பழைய உருளைகள் அந்த நாளில் தோல் பெல்ட்டில்தான் ஓடின. பெல்ட் அறுந்தால் துளையிட்டுத் தைத்து மாட்டுவது அப்பாவின் வேலை. வீட்டுக்கு வரும்போது அவர் சட்டையில் தேயிலை வாசனையோடு அந்தத் தோல் வாசனையும் இருக்கும். அது எனக்குத் தெரியும். அவர் முட்டி அந்த ஆண்டு முழுவதும் கொழுந்து வாட்டும் மாடிக்கு நாளுக்கு நாலு தடவை ஏறி இறங்கியதும் எனக்குத் தெரியும், சாப்பாட்டுத் தூக்கைக் கொடுக்கப் போகும்போது பார்த்திருக்கிறேன். ஒன்றையும் இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க மட்டும் அப்போது எனக்குத் தெரியவில்லை. நான் அவர் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.