எல்லாவற்றையும் எழுதுகிற அமராவதி

முதலில் கையைக் கழுவுவார். துவாயை எடுத்து விரல் விரலாக ஈரத்தைத் துடைப்பார். பிறகு மேசையில் கிடக்கும் பிளொப்பியை ஓரத்தில் பிடித்துத் தூக்கி, மூலையில் உள்ள சின்னப் பிளாஸ்ரிக் தாழ்ப்பாளை நகத்தால் நகர்த்தி, அதன் ஓட்டையைத் திறந்துவிடுவார். அந்த ஓட்டை திறந்திருக்கும் வரை கணனி அந்தத் தட்டை வாசிக்கலாம், அதில் ஒன்றும் எழுத முடியாது. அதன் பிறகுதான் அமராவதி கதிரையில் உட்காருவார்.

"மிஸ் பூசை தொடங்கிவிட்டார்" என்று வாசலில் நிற்கும் சிப்பாய்கள் சிங்களத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். அவருக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். திரும்பிப் பார்க்கமாட்டார்.

வவுனியா நகருக்கு வெளியே ஓர் இராணுவ முகாம். அதில் தகரக் கூரை போட்ட ஓர் அறை. சோதனைச்சாவடியில் பறித்த கணனிகளும் பிளொப்பிகளும் அங்கேதான் வந்து சேரும். அவற்றுக்குள் என்ன இருக்கிறது, எப்போது எழுதப்பட்டது, எதை அழித்திருக்கிறார்கள் என்று பார்த்து அறிக்கை எழுதுவது அமராவதியின் வேலை. அவருக்கு முன் அந்த முகாமில் அப்படி ஒரு வேலை இருந்ததில்லை, அதற்கு ஒரு பெயரும் இல்லை. இந்த இரண்டாயிரமாம் ஆண்டிலும் சம்பளப் பட்டியலில் அவர் தட்டெழுத்தாளர்தான்.

தொண்ணூற்றாறில் அவர் வந்தது மொழிபெயர்க்க. அப்போது ஒருவனைப் பிடித்து, அவனுடைய கணனியையும் கொண்டுவந்திருந்தார்கள். ஆளுக்கு ஆள் அதைப் போட்டுப் பார்த்து, திறந்த கோப்புகளை எல்லாம் திரும்பச் சேமித்துவிட்டார்கள். கோப்புகளின் திகதிகள் மாறிப்போயின. விசாரணையில் ஒருநாள் ஒரு கடிதத்தை மொழிபெயர்க்கக் கொடுத்தபோது, அமராவதி அதன் திகதியைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "சேர், இந்த நாளில் இவர் உங்களிடம் உள்ளேதானே இருந்தார்?" அந்த மனிதன் அதற்குள் ஒன்பது மாதம் மறியலில் இருந்துவிட்டான். அதன் பிறகு ஒரு பழைய கணனியும் தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றும் அவருடைய மேசைக்கு வந்தன. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் மூன்று வருடம் படித்தார். தன் சொந்த பிளொப்பிகளில் எழுதி, அழித்து, மீட்டுப் பார்த்தார். மூலத்தைத் தொடாதே, பிரதியில் மட்டும் வேலை செய், கண்டதை எல்லாம் எழுது, காணாததை எழுதாதே. இந்த நாலும் அவருடைய அப்பியாசக் கொப்பியின் முதற்பக்கத்தில் பென்சிலால் எழுதப்பட்டிருக்கின்றன.

வயது நாற்பத்திரண்டு. எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்த குடும்பம். தகப்பன் ஒரு குளத்தடியில் காடு வெட்டிக் குடியேறி, அங்கேயே காய்ச்சலில் போனார். கலியாணம் இரண்டு தரம் பேசி வந்தது. முகாமில் வேலை என்றதும் இரண்டு தரமும் பேச்சு நின்றது.

ஐயாத்துரை என்ற ஓய்வுபெற்ற தபாற்காரரின் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருக்கிறார். தனி வாசற்படலை, சமைக்கத் தனிக் குசினி. கிணறு மட்டும் பொது. அவர் தண்ணீர் அள்ள வரும்போது மற்றவர்களின் கதை பாதியில் நிற்கும். "அவா நல்ல மனிசி, ஒரு குறை சொல்லேலாது" என்பார் வீட்டுக்காரி ஜெகதீஸ்வரி. "ஆனா என்ரை பிள்ளையளை அவவோடை கதைக்க விடமாட்டன். என்னத்தைக் கேட்டு என்னத்தை எழுதுவாவோ!" ஐயாத்துரைக்கு அது பகிடி. "நான் முப்பது வருசமாக் கடுதாசியை ஒட்டின மாதிரியே குடுத்தனான். இவா ஒட்டினதைத் திறந்து வாசிச்சுச் சம்பளம் எடுக்கிறா."

முகாமுக்குள்ளும் அவருக்குத் துணை இல்லை. அங்கே அவர் தமிழச்சி. சாப்பாட்டுப் பெட்டியைத் தன் மேசையிலேயே திறந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். சிலவேளை கணனித் திரையோடு மலைநாட்டுப் பேச்சில் கதைப்பார். "எங்கடா போய் ஒளிஞ்ச? வா, வா, வெளிய வா" என்று அழிந்துபோன கோப்பைக் கூப்பிடுவது வெளியே நிற்பவர்களுக்குக் கேட்கும்.

இந்த ஆடி மாதம் யோகலிங்கத்தின் பிளொப்பி வந்தது. யோகலிங்கம், இராணுவத்தோடு போரிடும் இயக்கத்தின் கையில் உள்ள துணுக்காயில், ஒரு நிவாரணக் காரியாலயத்தில் எழுதுவினைஞன். அங்கே மை கிடைக்காததால், ஒரு பட்டியலை வவுனியாவில் அச்செடுக்க மனைவி சுமித்திராவோடு பயணப் பாஸ் எடுத்து வந்திருக்கிறான். சாவடியில் பிடித்துக்கொண்டார்கள். பட்டியலில் இருநூற்றுப் பன்னிரண்டு பெயர். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் வயதும் இரண்டு எண்களும். மூக்குக்கண்ணாடி தேவைப்படுகிறவர்களின் பட்டியல் என்று அவன் சொன்னான். எல்லாக் கோப்புகளிலும் திகதி 1980, தைமாதம் முதலாந் திகதி என்று இருந்தது. மறைப்பதற்கென்றே மாற்றிய திகதி என்று முகாமின் கப்டன் முடிவு கட்டிவிட்டார். அறிக்கையில் அந்த ஒரு வரி போதும், வெள்ளிக்கிழமை அவனைக் கொழும்புக்கு ஏற்றிவிடுவார்கள். அங்கே போகிறவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று ஒருவரும் சொல்வதில்லை.

"மிஸ், எண்பதில இவனுக்கு நாலு வயசு" என்றார் கப்டன், தனக்குத் தெரிந்த தமிழில். "நாலு வயசில டைப் பண்ணினது! நல்ல கெட்டிக்காரன், என்ன?"

அமராவதி சிரிக்கவில்லை. கையைக் கழுவினார்.

பிரதியைத் திறந்தபோது அவர் முதலில் பார்த்தது திகதியை அல்ல, நேரத்தை. எல்லாக் கோப்புகளும் நள்ளிரவு தாண்டி ஆறு நிமிடத்துக்கும் இரண்டு மணிக்கும் இடையில் சேமிக்கப்பட்டிருந்தன. ஒன்றுகூட இரண்டு மணியைத் தாண்டவில்லை. கணனிக்குள் இருக்கும் பொத்தான் அளவுப் பற்றரி செத்துவிட்டால், போடுகிற ஒவ்வொரு தரமும் அது எண்பதாம் ஆண்டின் முதல் நாள் நள்ளிரவிலிருந்துதான் எண்ணத் தொடங்கும். ஆகவே அது காட்டும் மணி, கணனி போடப்பட்டு எவ்வளவு நேரமாயிற்று என்பது மட்டுமே. துணுக்காய்க் காரியாலயத்தில் ஜெனரேற்றருக்கு நாளுக்கு இரண்டு மணி நேர எண்ணெய்தான் கிடைக்கிறது என்பதை அமராவதி அந்த எண்களில் வாசித்துவிட்டார். இன்னொன்றையும் வாசித்தார். இரண்டு மணியை நெருங்கிச் சேமித்த கோப்புகளில் பிழைகள் அதிகம். மின்சாரம் நிற்கப்போகிறது என்று பயந்து, தனியே இருந்து அவசரமாய்த் தட்டுகிற ஒருவனின் விரல்கள்.

"சேர், பற்றரி செத்த கணனி" என்றார். "துணுக்காய்ப் பக்கம் எல்லாக் கணனியும் இப்படித்தான் இருக்கும்."

"புதுசு போடலாமே?"

"அங்கே போற பற்றரியைச் சாவடியில் நாங்கள்தானே சேர் பறிக்கிறம்."

கப்டன் வாசல் வரை போய்த் திரும்பினார். பிறகு "சரி, எழுதுங்க" என்றார்.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அழிக்கப்பட்ட கோப்பு ஒன்றும் அந்தத் தட்டில் கிடந்தது. ஒரு கோப்பை அழித்தால் கணனி அதன் பெயரில் முதலெழுத்தை மட்டும்தான் விழுங்கும். இடம் வேறொன்றுக்குத் தேவைப்படும் வரை மிச்சமெல்லாம் அப்படியே இருக்கும். மீட்கக் கேட்டால், முதலெழுத்து என்ன என்று கேட்கும். எதைக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ளும். அமராவதி ஓர் எழுத்தைக் கொடுத்தார். வீட்டுக்கு ஓர் ஆள் பதுங்குகுழி வெட்ட வரவேண்டும் என்று இயக்கத்தின் பெயரில் ஓர் அறிவித்தல் திரையில் வந்தது.

அதை அந்த அறையில் அவர் ஒருவர்தான் பார்த்தார். திரையை அணைத்தால் போதும், வேறொருவருக்கும் தெரியவராது. சாப்பாட்டுப் பெட்டி அன்று திறக்கப்படவில்லை. மத்தியானம் கழிந்து, வாசலில் சிப்பாய்கள் ஆள் மாறினார்கள். பிறகு அவர் எழுதத் தொடங்கினார்.

மூன்று பக்கம். செத்த பற்றரியைப் பற்றி ஒரு பக்கம். பட்டியலில் உள்ள எண்கள் கண்ணாடியின் அளவுகள் என்று ஒரு பக்கம். அழிந்த அறிவித்தலைப் பற்றி ஒரு பக்கம். அதன் திகதி தொண்ணூற்றேழாம் ஆண்டு வைகாசி, நேரம் காலை பத்து மணி என்றும், ஆகவே பற்றரி உயிரோடிருந்த வேறொரு கணனியில் அது தட்டப்பட்டது என்றும் எழுதினார். தட்டியவர் ஒவ்வொரு காற்புள்ளிக்கும் முன்னால் இடம் விடுகிறவர், யோகலிங்கம் அப்படி விடுவதில்லை. துணுக்காய்ப் பக்கம் பிளொப்பி அருமை, ஒரே தட்டு பல கை மாறும். இவை எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வைத்தார்.

யோகலிங்கத்தைக் கொழும்புக்கு அனுப்பவில்லை. ஆனால் மூன்றாம் பக்கத்துக்காக இன்னும் பதினொரு நாள் வைத்து விசாரித்தார்கள். அந்தப் பதினொரு நாளும் சுமித்திரா முகாம் வாசலில் நின்றாள். அமராவதி வெளியே வரும்போதெல்லாம் அங்கே தங்கள் ஆட்களுக்காகக் காத்து நின்றவர்கள் அவளுக்குக் கையால் காட்டிக் கொடுத்தார்கள்: "அந்தா போறா. அவா எழுதினதாலைதான் உன்ரை மனுசன் உள்ளுக்கு."

பன்னிரண்டாம் நாள் பின்னேரம் அமராவதி வேலை முடிந்து பஸ் தரிப்பிடத்துக்கு வந்து உட்கார்ந்தார். ஒரு தகரக் கூரை, உட்கார ஒரு வாங்கு, சுற்றிவரக் கொதிக்கிற தார். மெலிந்த ஒருவன் முகாம் பக்கமிருந்து வந்து வாங்கின் மறு ஓரத்தில் இருந்தான். கண் கூசி றோட்டைப் பார்த்தான்.

"அக்கா, ரவுணுக்குப் போற பஸ் போட்டுதோ?"

"இன்னும் இல்லைத் தம்பி. இருங்கோ, வரும்."

அவனுக்கு யாரோ நன்றாகப் பதில் சொன்னது பிடித்திருக்க வேண்டும். "மனுசி தண்ணி வாங்கப் போட்டா" என்று சொல்லிச் சற்றே சிரித்தான். "என்னைக் கண்டோடனை அழத்தொடங்கீட்டா. நான் சொன்னன், அழுறதை வீட்டை போய் அழலாம், இப்ப தண்ணியைத் தாருமெண்டு."

சுமித்திரா போத்தலோடு கடைப்பக்கமிருந்து வந்தாள். வாங்கைப் பார்த்ததும் நின்றாள்.

"எழும்புங்கோ."

"ஏனப்பா?"

"எழும்புங்கோ எண்டுறன். இவாதான் எழுதினவா."

யோகலிங்கம் திரும்பி அமராவதியைப் பார்த்தான். "நீங்களோ?"

"ஓம் தம்பி."

"அந்த அறிவித்தலை நான் கண்ணாலையும் காணேல்லை. அதையும் நீங்களோ எழுதினனீங்கள்?"

"ஓம். இருந்ததை எல்லாம் எழுதினன்."

அவன் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தான். சுமித்திரா அவனுடைய சேட்டுக் கையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் றோட்டின் மறுபக்கம் போய், நிழல் ஒன்றுமில்லாத வெயிலில் நின்றார்கள். அவன் நின்றபடியே தண்ணீர் குடித்தான். குடித்துவிட்டுத் தகரக் கூரையின் நிழலைப் பார்த்தான்.

பஸ்ஸைக் காணவில்லை. அமராவதி எழுந்தார். கூரையின் நிழலை விட்டு இறங்கி, றோட்டு ஓரமாக நாற்பது ஐம்பது அடி நடந்துபோய், வாங்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெயிலில் நின்றார்.