மதினியின் இங்கிலீஷ்

மயில்கழுத்து நிறத்தில் ஒரு சேலை. பல் டாக்டரைப் பார்க்க அருப்புக்கோட்டை போனவள், கடை வாசலில் தொங்கிய அதைப் பார்த்ததும் கால் நகராமல் நின்று வாங்கிவிட்டேன். என் அம்மா கொடுத்த காசு. யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதைக் கட்டிக்கொண்டு ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தேன். என் மதினி, அதாவது வீட்டுக்காரரின் அக்கா, மதுரையில் இங்கிலீஷ் டீச்சர். என் முந்தானையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மணி பர்ன்ஸ் எ ஹோல் இன் ஹெர் பாக்கெட்" என்றார். கூட வந்த டீச்சர்கள் சிரித்தார்கள். சேலையைத்தான் மெச்சுகிறார் என்று நினைத்து நானும் சேர்ந்து சிரித்தேன்.

காரியாபட்டி பஸ்ஸில் வரும்போது என் அக்கா மகள்தான் அர்த்தம் சொன்னாள். காசு கிடைத்தால் பையையே எரித்து ஓட்டை போட்டுவிடுமாம். கையில் காசு நிற்காதவளாம் நான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓட்டைக்கைக்காரி என்று தமிழில் சொல்லியிருந்தால் அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். சந்தையில் மாட்டை வைத்துக்கொண்டே அதன் பல்லைப் பற்றிப் பேசுவார்களே, அப்படி அல்லவா பேசிவிட்டார்! அதோடு விட்டாரா? குக்கர் வாங்கினால் 'ஸ்ப்ளர்ஜ்', பிள்ளைக்குச் செருப்பு வாங்கினால் 'ஷாப்பிங் ஸ்ப்ரீ'. ஆசைப்பட்டு ஒன்றை வாங்குவதற்கு அந்தப் பாஷையில் இத்தனை பெயர் இருக்கிறதே என்று வியப்பாக இருக்கும். என் வீட்டுக்காரர், அக்கா விளையாட்டுக்குச் சொல்லுது என்பதோடு சரி. நாலு பேர் முன்னால் நான் தலைநிமிர்ந்து நிற்க வேண்டும், எனக்கு அது போதும். இரு, எனக்கும் ஒருநாள் வரும் என்று கருவிக்கொண்டிருந்தேன்.

வந்தது. போனில் பணம் அனுப்புகிற வழக்கம் எங்கள் பக்கம் வராத காலம். பாளையம்பட்டியில் எங்கள் பலசரக்குக் கடையில் வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் சரக்கெடுக்க விருதுநகர் போயிருந்தார். மதினி அதே டீச்சர்களோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். மறுநாள் ஒரு கல்யாணம். ராத்திரி எங்கள் வீட்டில்தான் தங்கல். டவுனில் ஒரு பட்டுச்சேலையைப் பார்த்தாராம். பார்த்த பிறகு விட மனசில்லையாம். கடைக்காரனை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். கல்லாவிலிருந்து பணம் கொடு, ஊருக்குப் போய் அனுப்புகிறேன் என்றார்.

"விளக்கு வச்சாச்சே மதினி. இனிமே கல்லாக் காசு வெளிய போகாதுல்ல. நீங்க பொறந்த வீடு, உங்களுக்குத் தெரியாததா?"

அவருடைய அப்பா வைத்த வழக்கம். முகம் சுண்டிப்போய் உள்ளே போனார்.

காலையில் கடை திறக்கும்போதே வந்து நின்றார், பின்னாலேயே டீச்சர்களும். முதல் வியாபாரம் ஆகாமல் நாங்கள் கல்லாவிலிருந்து கொடுக்க மாட்டோம். இன்னும் போணி ஆகலையே என்றேன். பிறகு, "நீங்களே பண்ணுங்க மதினி, ராசியான கைல்ல" என்றேன். பஸ்ஸுக்கு வைத்திருந்த காசில் சீனி வாங்கினார். நான் சாவகாசமாக நிறுத்தேன், பொட்டலம் கட்டினேன், நூல் சுற்றினேன். அப்புறம்தான் கல்லாவைத் திறந்து, அவர் கேட்டதை டீச்சர்கள் பார்க்க நீட்டினேன்.

"ஆசப்பட்டதை வாங்குறதுல என்ன மதினி தப்பு? வாங்கிக் கட்டுங்க. இதையெல்லாம் தமிழ்லயே சொல்லிரலாம், எல்லாருக்கும் புரியும்."

ஒருவரும் சிரிக்கவில்லை. மதினி பணத்தை வாங்கிக்கொண்டார். சேலையையும் வாங்கினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டு விசேஷம் எதிலும் அவர் அதைக் கட்டி நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு தடவையும் வாசலுக்கு நானே போய் வாங்க மதினி என்று கூப்பிட்டு, என்ன சேலை கட்டியிருக்கிறார் என்று பார்த்துக்கொள்கிறேன்.