மருதுபாண்டியின் வலது கண்

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? அவர் அதை எங்கே பார்த்தார் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறீர்களா?

மருதுபாண்டி கேட்கவில்லை. புதுவயல் அரிசி மில்லில் லாரி ஓட்டினான், வயது இருபத்தாறு. அவன் பிழைப்பே கண்ணில் இருந்தது. வலப்பக்க மேல் கடைவாய்ப் பல்லில் சொத்தை விழுந்து வலி உயிரை எடுத்தது. மனைவி செந்தாமரை நச்சரித்ததால் செக்காலையில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்குப் போனான். உள்ளே மெஷின் கீச்சிட்டது. பெயரைக் கூப்பிடுவதற்குள் படியிறங்கி ரோட்டுக்கு வந்துவிட்டான். வந்த பிறகுதான் காலில் செருப்பில்லை என்று தெரிந்தது. அதை எடுக்கக்கூடத் திரும்பிப் போகவில்லை.

மறுநாள் டீக்கடையில் இதைக் கேட்ட பொன்னழகு சிரிக்கவில்லை. அவனும் அதே மில்லில் டிரைவர்.

"தப்பிச்ச மாப்ள! மேல்பல்லுக்கும் கண்ணுக்கும் ஒரே நரம்பு. புடுங்குனா கண்ணு அவிஞ்சு போகும். அப்பறம் ஸ்டியரிங்கை யாரு பிடிக்கிறது, செந்தாமரையா?"

ஊசிக்கு நடுங்குகிறான் என்றால் கேவலம். கண்ணைக் காப்பாற்றுகிறான் என்றால் பொறுப்பு. மருதுபாண்டி அந்தப் பொய்யைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். கிராம்புத் தைலம் வைத்தான், மருந்துக்கடை மாத்திரை விழுங்கினான். கடைசியில் புகை போட்டுப் பல்பூச்சி எடுக்கிறவரிடம் போனான். அவர் கிண்ணத்துத் தண்ணீரில் வெள்ளையாய் எதையோ மிதக்கவிட்டு, "பாத்தியா, புழு" என்றார். புகைக்குப் போட்ட விதை வெடித்து வந்த முளை அது. பல்லில் புழு கிடையாது.

கன்னம் வீங்கியது. காய்ச்சல் கொதித்தது.

"இப்படிப் படுத்துக் கெடக்கீகளே, எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று செந்தாமரை அழுதாள்.

"பூச்சிதான் வந்துருச்சுல்ல. வீக்கம் வத்திரும்டி."

வற்றவில்லை. வலது இமை திறக்காமல் போனபோது மதுரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பல்வேரின் சீழ் கண்குழிவரை ஏறியிருந்தது. டாக்டர் இமையை விலக்கி டார்ச் அடித்தார். "வெளிச்சம் தெரியுதா?" தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் பல்லை எடுத்தார்கள். உயிர் மிஞ்சியது.

இப்போது மில்லில் மூட்டைக்கு வாய் தைக்கிறான். போன வாரம் முத்தரசு என்ற இளம் டிரைவர் கன்னத்தைப் பொத்திக்கொண்டு வந்தான். பொன்னழகு மருதுபாண்டியைக் கைகாட்டினான்.

"அந்தா பாரு, மேல்பல்லைப் புடுங்குனான், கண்ணு போச்சு. நாந்தான் அப்பவே சொன்னேன்ல?"

மருதுபாண்டி கோணி ஊசியை எறிந்துவிட்டு எழுந்தான். "டேய், புடுங்காமப் போட்டதுலதான்டா போச்சு! கண்ணு அவிஞ்ச பெறகுதான் பல்லையே எடுத்தாக!"

"பாவம், கண்ணோட சேந்து மூளையும் கலங்கிருச்சு" என்றான் பொன்னழகு. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முத்தரசு அந்தச் செத்த கண்ணையே பார்த்தான். பிறகு பொன்னழகிடம் மெதுவாகக் கேட்டான்: "அண்ணே, பல்பூச்சி எடுக்குறவரு ஒருத்தரு இருக்காராமே, எங்குட்டு இருக்காரு?"

பட்டவன் சொல் அங்கே எடுபடவில்லை. நீங்கள் கேட்டுவிட்டீர்கள். உங்கள் வீட்டில் கன்னத்தைப் பொத்திக்கொண்டு ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தால், பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்யாதீர்கள். நாளைக் காலையிலேயே பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். ஊசி போடும்போது அதன் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.