பாடமாக்கிய மாடி

சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரத்தில் எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது அந்தக் கட்டடத்தின் வரைபடம். படிக்கட்டு எங்கே, பின்கதவு எங்கே, மின்சாரம் வந்து சேரும் அறை எங்கே என்பதையெல்லாம் கீறிக் கண்ணாடிச் சட்டமிட்டு, தீப்பிடித்தால் ஓடுவதற்கென்று வாசலிலேயே மாட்டியிருக்கிறார்கள். நீங்கள் நிற்பது இங்கே என்று காட்ட ஒரு சிவப்புப் புள்ளி வேறு. வந்த புதிதில் நான் அதன் முன்னால் நிற்கவே மாட்டேன். யாரோ இதை வேண்டுமென்றே மாட்டிவிட்டு, யார் நின்று பார்க்கிறார் என்பதை மறைவில் இருந்து கவனிக்கிறார்கள் என்றே எண்ணினேன். திருகோணமலையில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு இந்த எண்ணத்தை விளக்க வேண்டியதில்லை. என்னைப் போல் கடல் கடந்து வந்து, மறக்கத் தொடங்கிவிட்டவர்களுக்காகவே எழுதுகிறேன்.

சமாதான காலம் என்று நாம் அழைத்த அந்தக் குறுகிய இடைவெளியில் எங்கள் துறைமுக நகரத்துக்குக் கணினிகள் வந்தன. கந்தோர் என்று நாம் சொல்லும் அலுவலகங்கள் தோறும் அவற்றை ஒன்றோடொன்று இணைக்கக் கேபிள் இழுக்கும் தொழில் பிறந்தது. பள்ளிக்கூட விவாத அணிக்குத் தலைமை தாங்கி, எதிரணியை மேடையிலேயே வாயடைக்கச் செய்தவன் என்ற பெயருடன் நான் அந்தத் தொழிலில் சேர்ந்தேன். எங்கள் மேற்பார்வையாளர் சல்லிக் கிராமத்தைச் சேர்ந்த தவம் அண்ணை. சமாதானம் குலைந்து, வீதிக்கு வீதி சோதனைச் சாவடி முளைத்தபோது அவர் ஒரு சட்டம் வைத்தார்: எந்தக் கட்டடத்தின் வரைபடமும் எவருடைய உடலிலும் இருக்கக் கூடாது.

“தம்பி, மேடையில பேப்பரைப் பாராமல் அரை மணித்தியாலம் கதைக்கிற ஆள் நீங்கள். ஒரு மாடியைப் பாடமாக்க ஏலாதோ?”

“ஓம் அண்ணை, ஏலும்.”

“அப்ப பொக்கெற்றில பேனை என்னத்துக்கு? அதையும் வைச்சிட்டு வாங்கோ. ஆமிக்காரனுக்கு நீங்கள் பேச்சாளர் எண்டு தெரியாது.”

ஆகவே வேலை இப்படித்தான் நடந்தது. காலையில் கட்டடத்தைச் சுற்றி நடப்போம். தவம் அண்ணை வெண்கட்டியால் நிலத்தில் மாடியைக் கீறுவார். எந்தச் சுவரில் இணைப்புப் பெட்டி வரும், எந்த வழியாகக் கேபிள் போய் இரும்பு அலுமாரியில் கூடும் என்று காட்டுவார். ஆளுக்கொரு மாடி. பாடமானதும் செருப்புக் காலால் தேய்த்து அழித்துவிடுவார். நான் என் மாடியை ஒரு சொற்பொழிவாகக் கட்டிக்கொள்வேன். அலுமாரி இருக்கும் அறை முன்னுரை. கணக்காளர் அறை முதல் வாதம். முகாமையாளர் அறை மறுப்புரை. மாடி முழுவதையும் நாவில் ஏற்றிக்கொண்டு வெறுங்கையோடு சாவடியைக் கடப்பேன்.

அந்தச் சட்டத்தை மீறியவர் லிங்கநகரில் இருந்து வேலைக்கு வந்த கணேசன் அண்ணை. சிகரெட் பெட்டி அட்டையில் சில சதுரங்களும் கோடுகளும் கீறிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். கணினிகள் வைக்கும் மேசைகள்தாம் அந்தச் சதுரங்கள். துறைமுகத்துக்குப் போகும் வீதியில் அவரை மறித்த ஆமிக்காரர் அது எந்த இராணுவ முகாமின் வரைபடம் என்று கேட்டார்கள். பல வாரங்களின் பின் திரும்பி வந்தார். எங்கே இருந்தார் என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவர் வராத நேரம் பார்த்துத் தவம் அண்ணை தணிந்த குரலில் சொன்னார்: “சும்மா விட்டிருப்பாங்களோ? ஆள் காட்டச் சொல்லித்தான் விட்டிருப்பாங்கள். கொஞ்ச நாளைக்கு அவரோட வேலைக் கதை வேண்டாம்.” அதன்பின் கணேசன் அண்ணை உள்ளே வந்தால் எங்கள் பேச்சு மழையைப் பற்றியதாக மாறிவிடும். எதிரிக்கு அஞ்சிய காலம் போய், விடுதலையான நண்பருக்கும் அஞ்சிய காலம் அது.

இங்கே பேர்னிலும் எனக்கு வாய்த்தது அதே தொழில். ஒரு சிறிய நிறுவனம் தகுதிகாண் காலத்துக்கென்று என்னை எடுத்தது. வேலை உறுதியானால் அகதி முகாமில் பலரோடு பங்கிட்ட அறையை விட்டுத் தனி அறை எடுக்கலாம். உறுதியாகாவிட்டால் முகாமிலேயே கிடக்க வேண்டும். என் மேலாளர் உர்ஸ், நேர்மையான மனிதர், எதையும் இருமுறை அளப்பவர். ஒரு வங்கிக் கிளையின் மேல்மாடிக்கு அவர் கேபிள் இணைப்பைத் திட்டமிட்டார். வாடிக்கையாளரான வங்கி கேட்ட மாற்றங்களைச் சிவப்புப் பென்சிலால் குறித்த ஒரே தாளை வெள்ளிக்கிழமை மாலை என்னிடம் தந்து, வீட்டில் வைத்துப் படி, திங்கட்கிழமை நீ தொடங்கலாம் என்றார். அது அவர் என்மேல் வைத்த நம்பிக்கை என்பதை நான் உணரவில்லை; தாளை எப்படி முகாம் வரை கொண்டுபோவது என்பதே என் கவலை.

ரயில் நிலையத்தில் இரண்டு பொலிஸ்காரர் எவரோ ஒரு பயணியின் அடையாள அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் பைக்குள்ளே ஒரு வங்கியின் மாடி. தூணின் மறைவில் நின்று இருமுறை படித்தேன், பாடமாயிற்று. பின் அந்தத் தாளைத் துண்டு துண்டாகக் கிழித்து வெவ்வேறு குப்பைத் தொட்டிகளில் போட்டுவிட்டு ரயில் ஏறினேன். ஒரு கடமையைச் செம்மையாக முடித்த நிறைவே அப்போது எனக்கு இருந்தது.

திங்கட்கிழமை உர்ஸ் கேட்டார்: “பிளான் எங்கே?”

நெற்றியைத் தொட்டுக் காட்டினேன்.

“விளையாடாதே. தாள் எங்கே?”

“கிழித்துவிட்டேன்.”

“ஏன்?”

“ரயில் நிலையத்தில் பொலிஸ் நின்றது.”

மேடையில் ஒருமுறையேனும் இவ்வளவு மோசமாக வாதாடியிருப்பேனா தெரியாது. ஜெர்மன் கேட்டால் ஓரளவு விளங்கும்; பேச வருவது கருவிகளின் பெயர்களும் சில சிறு வாக்கியங்களுமே. ஆகவே கேபிள் வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்துப் பரப்பி, மாடி முழுவதையும் கீறினேன். கதவுகள், இணைப்புப் பெட்டிகள், சிவப்புப் பென்சில் மாற்றங்கள், பணப்பெட்டக அறையின் சுவர் எல்லாம். உர்ஸ் வாடிக்கையாளரைத் தொலைபேசியில் அழைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். பிழை இல்லை. அவர் பாராட்டுவார் என்று காத்து நின்றேன். அவர் அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். சிகரெட் அட்டையைப் பார்த்தவர்களும் அப்படித்தான் பார்த்திருப்பார்கள்.

“ஒரு வங்கியின் மாடியை எதற்காக ஒருவன் மனப்பாடம் செய்கிறான்?” என்றார்.

அங்கே தாளில் இருந்தால் குற்றம், இங்கே தலையில் இருந்தால் குற்றம் என்று தமிழில் ஒரு வாக்கியம் நாவில் வந்து நின்றது. அதற்குக் கைதட்டக்கூடிய அவை அங்கே இல்லை.

நிறுவனம் கூடிப் பேசியது. வேலை போகவில்லை, உறுதியும் ஆகவில்லை. தகுதிகாண் காலம் நீட்டப்பட்டது. அந்த மாடியில் நான் தனியே நிற்கக் கூடாது, உர்ஸ் எப்போதும் உடனிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அன்று மாலை ஊரில் இருக்கும் தவம் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். உலகத்தில் இதைப் புரிந்துகொள்ளக்கூடியவர் அவர் ஒருவரே.

“அண்ணை, நான் ஒரு வரைபடத்தைக் கிழிச்சுப் போட்டனான்...”

“தம்பி, இஞ்ச நல்ல மழை,” என்றார் அவர். “சாப்பிட்டியளோ? சரி, வைக்கிறன்.”

தொலைபேசியை ஒட்டுக்கேட்கும் எவனோ ஒருவனுக்கு அஞ்சினாரா, அல்லது வெளிநாட்டில் இருந்து வரைபடக் கதை கதைக்கும் என்னையே ஐயுற்றாரா என்பதை இன்றுவரை என்னால் தீர்க்க முடியவில்லை.

இப்போது வேலை தொடர்கிறது. ஏணியில் ஏறி, சீலிங் தகடு ஒன்றை நீக்கி, இடுப்பு வரை அந்த இருட்டுக்குள் நுழைகிறேன். உள்ளே தூசியும் கேபிளும் தவம் அண்ணையின் குரலும். அங்கே எவரும் என்னிடம் தாள் கேட்பதில்லை, கை தானாகவே வழி அறிந்து போகிறது. வெளியே, வங்கியின் வெளிச்சத்தில், என் இரண்டு கால்கள் மட்டும் ஊழியர்களின் பார்வைக்கு நிற்கின்றன. அவற்றுக்குக் கீழே உர்ஸ் ஏணியைப் பிடித்திருக்கிறார். நான் ஒரு படி ஏறினால், மறு கையால் என் காலணியின் குதியையும் பிடித்துக்கொள்கிறார்.