இன்னொரு சுற்று

போன செவ்வாய்க்கிழமை மார்கரெட் என் கடைக்கு வந்தா.

லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் என் கடையைத் தெரியாத தமிழர் இல்லை. ஆனால் மார்கரெட் ஒடியல் மாவுக்கும் கருவாட்டுக்கும் வருகிற ஆள் இல்லை. அறுபத்தெட்டு வயது வெள்ளைக்காரி, பென்ஷன் எடுத்த ஸ்கூல் டீச்சர், வயலின் வாசிப்பா. நல்ல காலம்... அந்த நேரம் என் மனுசி கடையில் இல்லை.

"ஆறு மாசமா உன்னைக் காணேல்லை. டிசம்பர் டான்ஸுக்கும் நீ வராட்டி எங்களை ஆர் நடத்துறது?" என்று இங்கிலீசில் கேட்டா.

"தோள் நோகுது," என்றேன்.

"எந்தத் தோள்?"

"இடது."

அந்த இடது தோளில்தான் அப்போது இருபது கிலோ அரிசி மூட்டை இருந்தது. மார்கரெட் மூட்டையைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. பிறகு ஒரு பாக்கெட் பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டா.

கடைக்காரன் என்னத்தை நடத்தினவன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். பேப்பரில் என் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் என்னைக் குறைத்துச் சொல்கிற ஆள் இல்லை.

கொன்சர்ட்டினா என்று ஒரு பெட்டி இருக்கிறது. ஆர்மோனியத்தை நசுக்கி இரண்டு கைக்குள் அடக்கினது மாதிரி. ஆறு மூலை, நடுவில் துருத்தி, இரண்டு பக்கமும் பித்தான்கள். பக்கத்துக்கு ஒரு தோல் பட்டி. அதற்குள் கையை விட்டுத்தான் இழுக்கவேணும், அமத்தவேணும்.

நோர்வேயின் வடக்கில் மீன் ஃபாக்டரி ஒன்றில் பதினொரு வருசம் மீன் வெட்டினவன் நான். மாரியில் அங்கே இரண்டு மாசம் சூரியன் எழும்பாது. மற்றப் பெடியள் குடித்தார்கள், சீட்டு விளையாடினார்கள். நான் கூட வேலை செய்தவன் ஒருவனிடம் பழைய பெட்டியொன்றை வாங்கி, ரேடியோவில் போகிற அந்த ஊர்ப் பாட்டுகளைக் காதால் கேட்டே பிடித்தேன். வால்ஸ், ரைன்லெண்டர், கலியாண ஊர்வலத்துக்கு வாசிக்கிறது... எல்லாம். ஒருவரும் சொல்லித் தரவில்லை. நான் படித்தது எட்டாம் வகுப்பு. மியூசிக் நோட்டைக் காட்டினால் எனக்கு அது எறும்பு ஊர்ந்த தாள்.

ஆனால் லண்டனில் ஸ்கண்டிநேவியப் பாட்டு வாசிக்கிற எங்கள் குழுவில் பதினான்கு பேர் — டொக்டர், வக்கீல், டீச்சர் — அத்தனை பேரும் என் காலைப் பார்த்துத்தான் வாசித்தார்கள்.

ஏன் கால்?

இந்தப் பாட்டுகளுக்கு முடிவு கிடையாது. ஆடுகிறவர்கள் ஆடும் வரை அதே மெட்டு திரும்பத் திரும்பச் சுற்றும். எங்கேயோ நிற்பாட்ட வேணும். ஒருவருடைய கையும் சும்மா இல்லை, வாயால் சொன்னால் சத்தத்தில் கேளாது. ஆகவே நடத்துகிறவர் ஒரு காலைத் தூக்கிக் காட்டுவார். கால் தூக்கினால் இந்தச் சுற்றோடு சரி. பதினான்கு பேரும் ஒரே இடத்தில் வெட்டினது மாதிரி நிற்பார்கள். அந்தக் கால் என்னுடைய கால்.

சரி. இனி மே மாசத்துக்கு வருவோம்.

இந்த வருசம் மே மாசம் எங்கள் வீடுகள் எப்படிக் கிடந்தன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மனுசியின் தங்கச்சி ரதி வன்னியில், சண்டைக்கு நடுவில். கலியாணம் கட்டவில்லை, முன்பள்ளி டீச்சர். மாசிக்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. மனுசி டீவிக்கு முன்னால் இருந்து எழும்புவதே இல்லை. செத்த ஆட்களின் படம் போனால் கிட்டப் போய் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பா.

தை மாசமே என்னிடம் சொல்லியிருந்தா. "ஊரெல்லாம் செத்த வீடாக் கிடக்கு. உங்களுக்கு உந்தப் பெட்டியில டான்ஸ் பாட்டுக் கேக்குதோ?"

"இனித் தொடமாட்டன்," என்றேன்.

தொட்டேன். பெட்டியைக் கடை வானுக்குள் வெங்காய மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். சனிக்கிழமை மத்தியானம் 'கேஷ் அண்ட் கேரிக்குப் போறன்' என்று சொல்லிவிட்டு வாசிக்கப் போனேன். வீட்டில் மூச்சு விட ஏலாமல் இருந்தது. அங்கே ஒருவரும் என்னிடம் செய்தி கேட்கவில்லை. இதை நியாயம் என்று சொல்லவில்லை, காரணம் என்றுதான் சொல்கிறேன்.

என் மொபைல் நம்பரைப் பத்து வருசமாக நான் மாற்றவில்லை. கனடாவிலிருந்து வன்னி வரைக்கும் சொந்தக்காரர் எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தேன்: "மற்ற நம்பரெல்லாம் மறந்தாலும் என்ர நம்பரைப் பாடமாக்குங்கோ. எந்த நேரமும் எடுப்பன்."

மே மாசத்துக் கடைசிச் சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணியிருக்கும். சேர்ச் ஹோலில் நாற்பது பேர் ஆடுகிறார்கள். வால்ஸ். மூன்றாம் சுற்று. போன் பக்கத்துக் கதிரையில், சத்தம் நிற்பாட்டி வைத்திருக்கிறேன்.

வெளிச்சம் போட்டது. குனிந்து பார்த்தேன். தெளிவாகப் பார்த்தேன் — 0094, இலங்கை நம்பர்.

சுற்று முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்துச் சனம் தாளத்துக்குக் கைதட்டத் தொடங்கினது. மார்கரெட் வயலினுக்கு மேலால் என்னைப் பார்த்துச் சிரித்து, "இன்னொன்று!" என்று கத்தினா.

இன்னொரு சுற்று போனேன்.

போன் அணைந்தது. நடுச் சுற்றில் திரும்பவும் வெளிச்சம் போட்டது. திரும்பவும் அணைந்தது. ஒரு சுற்று நாற்பது செக்கன்கூட வராது. கை இரண்டும் பட்டிக்குள் மாட்டுப்பட்டிருந்தது உண்மை. கால் சும்மாதானே இருந்தது?

கைதட்டு பொல்லாத சாமான். பசியோடு வளர்ந்தவனுக்குச் சோறு எப்போது போதும் என்று தெரியும். புகழ் எப்போது போதும் என்று தெரியாது.

பிறகு வானுக்குள் இருந்து அந்த நம்பருக்கு எத்தனை தரம் அடித்திருப்பேன்? சிங்களத்தில், தமிழில், இங்கிலீசில்... மூன்று பாஷையிலும் அணைத்து வைத்திருக்கிறது என்றே சொன்னது.

வீட்டுக்குப் போய் மனுசியிடம் சொன்னேன். "ஊரில இருந்து ஒரு கோல் வந்தது. வான் ஓடிக்கொண்டு இருந்தனான். எடுக்க ஏலாமப் போச்சு."

அவ நம்பரை ஒரு துண்டில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினா. காலமை ஒருக்கால், பின்னேரம் ஒருக்கால், இத்தனை மாசமும் அடித்துப் பார்த்தா. நான் அன்றைக்கு வைத்த பெட்டியைப் பிறகு திறக்கவில்லை.

மார்கரெட் வந்துபோன ஐந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, என் மொபைல் அடித்தது. 0094. முதல் மணியிலேயே எடுத்தேன். யாரோ ஒரு பொம்பிளை. முகாமில் இருந்து விட்டுவிட்டார்களாம், வவுனியாவில் சொந்தக்காரர் வீட்டில் நிற்கிறாவாம். மனுசியைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டேன்.

"ரதி டீச்சரும் நானும் ஒரே கூடாரம் அக்கா. இந்த நம்பர் டீச்சர் எனக்குப் பாடமாக்கித் தந்தது."

"ரதி எங்க இப்ப?" என்றா மனுசி.

"அவவுக்குக் காலில காயம் அக்கா. சீழ் பிடிச்சுக் காய்ச்சல் வந்திட்டுது. அங்க ஒரு ஆள் களவா போன் வைச்சிருந்தவர். பின்னால சனம் நிக்கிறபடியால் ஆளுக்கு ரெண்டு தரம்தான் அடிக்க விடுவார். டீச்சரைத் தாங்கிக்கொண்டு போனனான். ரெண்டு தரமும் மணி போச்சு. ஒருத்தரும் எடுக்கேல்லை."

மனுசி போனுக்குக் கிட்டக் குனிந்தா.

"டீச்சர் கோவிக்கேல்லை அக்கா. 'அத்தான் வேலையில நிப்பார். அவர் சும்மா இருக்கத் தெரியாத மனுசன்' எண்டு சிரிச்சவ. நாலாம் நாள் ஆள் முடிஞ்சிட்டுது."

போனை வைத்த பிறகும் மனுசி அழவில்லை. என் கைக்கு மேல் தன் கையை வைத்தா.

"நீங்கள் என்ன செய்யிறது? வான் ஓடிக்கொண்டெல்லோ இருந்தனீங்கள்."

இருபத்திரண்டு வருசக் கலியாணத்தில் என்னை அவ்வளவு பட்சமாக அவ தொட்டதில்லை. கையை எடுக்கவும் ஏலவில்லை, வைத்திருக்கவும் ஏலவில்லை. இரண்டு தரம் வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. அதனால்தான் இதை எழுதினேன்.

உங்களுக்கு இவ்வளவு காலமும் சொல்லாத ஒன்று. எட்டாம் வகுப்புக்காரன் எப்படி இவ்வளவு சுத்தமாக எழுதுகிறான் என்று கேட்டுக் கடிதம் போடுவீர்கள். நான் எழுதிக் குசினி மேசையில் வைப்பேன். மனுசி சிவப்புப் பேனையால் திருத்துவா. அதன் பிறகுதான் பேப்பருக்கு வரும்.

இதையும் நேற்றுக் காலமை மேசையில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன்.

பின்னேரம் வந்து பார்த்தேன். முதல் தாள் முழுக்கச் சிவப்பு. பெட்டியை வானில் ஒளித்ததைக்கூடப் பொறுமையாகத் திருத்தியிருந்தா. இரண்டாம் தாளில், போன் வெளிச்சம் போட்ட இடம் வரைக்கும் சிவப்பு. அதற்குக் கீழே ஒரு கீறும் இல்லை. பேனை மூடாமல் கிடந்தது. மேல் அறைக் கதவு உள்ளுக்குள்ளால் பூட்டி இருந்தது. இதை எழுதுகிற வரைக்கும் திறக்கவில்லை.

ஆசிரியர் தம்பி, இந்தக் கிழமை மிச்சத்தை நீர்தான் திருத்தவேணும்.