பெற்றீசியாவின் சாட்சி

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பிள்ளைக்காம்பராவில் பெற்றீசியா பதினெட்டு வருடம் ஆயாவாக இருந்தாள். அம்மாமார் கொழுந்து பறிக்கப் போனதும் கைக்குழந்தைகளைத் தொட்டிலில் ஆட்டுவாள்; நடை பழகியவர்களுக்குச் சோறூட்டுவாள். புருஷன் இறந்துவிட்டான். ஒரே மகள் அனுஷ்கா கொழும்பில் வேலை செய்தாள். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் தனியாக இருப்பது அப்போது பாரமாகத் தெரியவில்லை. பகல் முழுக்க இடுப்பில் யாராவது ஒரு பிள்ளை இருந்தது.

ஒரு நாள் கங்காணி வீரய்யா வாசலில் வந்து நின்றார்.

"காலையில பேர் போட்ட பெரட்டுக் களத்துல கொடைய விட்டுட்டேன். முட்டி வலி. ஒரு எட்டு போய் எடுத்துட்டு வாங்க, புள்ளைகள நான் பாத்துக்கிறேன்."

அவள் குடையோடு திரும்பியபோது அவர் ரோட்டில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். உள்ளே, கொழுந்து பறிக்கப் போயிருந்த நிலக்ஷியின் மகன் கிஷாந்த் படியில் விழுந்து, கை முறிந்து கிடந்தான்.

"நான் அவங்கள எங்கயும் அனுப்பலீங்க" என்றார் வீரய்யா, தோட்டத்தை நடத்தும் துரையின் விசாரணையில். பெற்றீசியா சொன்னதை யாரும் நம்பவில்லை. மறுநாளே அவளைக் கொழுந்து பறிக்க மாற்றினார்கள். அவள் வளர்த்த பிள்ளைகள் ஓடி வந்தால் தாய்மார் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார்கள். நிலக்ஷி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வட்டவளையிலிருந்து தம்பி ஜூட்சன் கொதித்துப்போய் வந்தான். "ஒரு வார்த்த சொல்லுக்கா. நாலு பேரக் கூட்டிக்கிட்டு வாறேன்."

"ஞாயித்துக்கிழம பூசையில நான் நன்மை அப்பம் வாங்கணும்டா. அவர அடிக்க விட்டுட்டு எப்பிடி நாக்க நீட்டுவேன்?"

"அப்ப இப்பிடியே கெட" என்று போனவன், பிறகு வருவதைக் குறைத்துக்கொண்டான்.

ஒன்றரை வருடம் கழித்து, ஒரு ஞாயிறு காலையில் தோட்டத்து ஸ்டோரிலிருந்து உர மூட்டைகள் காணாமல் போயின. பூட்டு உடையவில்லை. சாவி வீரய்யாவிடம் இருந்தது. அன்று காலை முட்டிக்கு மருந்து வாங்கத் தலவாக்கலைக்குப் போயிருந்ததாக அவர் சொன்னார். சாட்சிக்கு ஆளில்லை. போலீசுக்குக் கொடுப்பதாகத் துரை சொல்லிவிட்டார்.

ஆள் இருந்தாள். தலவாக்கலைக் கோயிலுக்குப் பூசைக்குப் போன பெற்றீசியா அதே பஸ்ஸில்தான் போனாள், அதே பஸ்ஸில்தான் திரும்பினாள். தோட்டத்திலிருந்து வேறு யாரும் ஏறவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள், பேசவில்லை. வீரய்யா அவள் பெயரைத் துரையிடம் சொல்லவே இல்லை. எந்த முகத்தோடு சொல்வார்?

அவள் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். இரண்டு நாள் அப்படித்தான் இருந்தாள். அந்த இரண்டு நாளும் செபம் சொல்ல உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. மூன்றாம் நாள், கூடையை இறக்கி வைத்துவிட்டு ஆபீசுக்கு நடந்தாள்.

"ஐயா, அன்னைக்கு இவரு எனக்குப் பின் சீட்டுல இருந்தாரு. போகயிலயும் வரயிலயும்."

துரை நிமிர்ந்து பார்த்தார். "உனக்கும் இவருக்கும் ஏதோ பிரச்சினை இருந்ததே?"

"இருந்திச்சுங்க. இன்னமும் இருக்கு. ஆனா பஸ்ஸுல இருந்தது நெசங்க."

வீரய்யா தப்பினார். கங்காணியிடம் பெற்றீசியா ஏதோ வாங்கிவிட்டாள் என்று லயத்தில் கதை கட்டினார்கள். இதுவரை வழியில் கண்டால் தலையாட்டிய இரண்டொருவரும் அதையும் விட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து வீரய்யா அவளுடைய லயத்துக் காம்பரா வாசலுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு நாந்தான் ஒங்கள அனுப்பினேன்" என்றார்.

"அது எனக்குத் தெரியுங்க. நிலக்ஷிகிட்ட போய்ச் சொல்லுங்க."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நிலக்ஷியின் காம்பரா நாலு கதவு தள்ளித்தான். அந்தப் பக்கம் திரும்பாமல் ரோட்டில் இறங்கிவிட்டார். தன் வாசலில் நின்று பெற்றீசியா பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகும் அவர் சொல்லவில்லை. பெற்றீசியா கொழுந்து எடுக்கிறாள், தனியாகப் பொங்கிச் சாப்பிடுகிறாள், அனுஷ்காவிடம் எல்லாம் சுகம் என்கிறாள். செபத்தில் வீரய்யாவின் பெயரையும் சொல்கிறாள். சில நாள் மனதோடு, சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டு.